டிரஸர் பாயின் நோட்டுப் புத்தகங்கள்

(பொன்விழாக் கூட்டத்தில் மர்ஹூம் டிரஸர் பாய் அவர்களின் பேரப்பிள்ளைகள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, இமாம் ஹஜ்ரத் அவர்களே, முன்னாள் பொறுப்பாளர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அழைப்பை ஏற்றுத் தோட்டப்புறங்களிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, எங்களோடு ஒன்றாகப் படித்து இப்போது பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே!

எங்கள் நன்னாவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லித் தலைவர் கேட்டார்கள். நாங்கள் பேரப்பிள்ளைகள் பதினான்கு பேர். அதில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஷா ஆலமில் வக்கீலாக இருக்கிறார். ஆனால் ஊரோடு இருந்து கடை பார்க்கிற ஆள்தான் பேச வேண்டும் என்று எங்கள் அம்மாவும் பெரியம்மாக்களும் சொல்லிவிட்டதால் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. மிளகாயும் மல்லியும் எடை போட்டுக் கொடுக்கிற வாய்க்கு எவ்வளவு மேடைத் தமிழ் வருமோ அவ்வளவுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்னா இந்தச் சங்கத்தின் முதல் செயற்குழுவில் இருந்தவர். அந்த விவரம் மலரில் வேறு பக்கத்தில் வருகிறது. அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. விழாக் கண்காட்சியில் வைப்பதற்கு நன்னா எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்களைக் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டோம். அதில் ஒன்றிரண்டு பெரியவர்களுக்கு வருத்தம் என்று காதில் விழுந்தது. வருத்தம் நியாயமானதுதான். ஆகவே அந்த நோட்டுகளில் என்ன இருக்கிறது, ஏன் கொடுக்கவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவது நல்லது என்று குடும்பத்தில் கலந்து பேசினோம்.

நன்னா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து எட்டு வயதில் தன் அத்தாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அத்தா தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் துணி விற்றார். மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடம் நின்றது. நன்னாவுக்கு அப்போது பதினான்கு வயது. சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களில் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அப்படிப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய தாத்தாக்களும் போயிருப்பார்கள். மகனைக் கொண்டுபோய்விடக் கூடாதே என்று பயந்து, தெரிந்த ஒரு மலையாளி டிரஸரிடம் அவரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கையாளாகச் சேர்த்துவிட்டார் அத்தா.

முதல் வேலை, கட்டுத்துணி துவைத்துக் காயப்போடுவது. புதுத் துணி கிடையாது. சீழும் ரத்தமும் பட்ட துணியையே கொதிக்க வைத்து மறுபடி கட்ட வேண்டும். கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை. மலேரியாவில் லயத்துக்கு லயம் ஆள் செத்தது. யுத்தம் முடிந்ததும் சயாமிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் கால் புண்ணோடு வந்தார்கள். கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரைக்கும் அழுகிய புண். அதைக் கழுவிக் கட்டிக் கட்டித்தான் நன்னாவுக்குத் தொழில் படிந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் நன்னியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். திரும்பி வராதவர்களின் மனைவிமார்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, வந்தவர்களிடம் விசாரிப்பார்களாம். எந்த முகாம், என்ன நோய், எந்த மாதம் என்று எவருக்கும் சொல்லத் தெரியாது. "செத்தவனுக்குத் தேதிகூட இல்லை" என்பார். எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு அங்கேதான் பிடித்துக்கொண்டது என்பது நன்னியின் கணிப்பு. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பிறகு விட்ட படிப்பைத் தொடர்ந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் பயிற்சி எடுத்து டிரஸர் ஆனார். டிரஸர் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. யாருக்கோ சட்டை மாட்டிவிடுகிற வேலை என்று எங்கள் மகன் நினைத்துக்கொண்டிருந்தான். காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவர் என்பதால் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பெயர் அது. பின்னால் ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட் என்றார்கள். அதற்கும் பின்னால் மெடிக்கல் அசிஸ்டெண்ட். 1977ல் அந்தப் பெயரிலேயே இவர்களுக்குத் தனிப் பதிவுச் சட்டமும் வந்தது. இன்றைக்கு உதவி மருத்துவ அதிகாரி. ஊர் மட்டும் கடைசிவரை டிரஸர் பாய் என்றே கூப்பிட்டது. 1982ல் தெலுக் இந்தான் என்று பெயர் மாறிய பிறகும் தெலுக் அன்சன் என்றே சொல்லிக்கொண்டிருந்த தலைமுறை அது. பழைய பெயரை அவ்வளவு லேசில் விடாது.

அவருடைய முதல் வேலை, சில தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில். டாக்டர் வாரத்தில் ஒருநாள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரஸர்தான் டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ் எல்லாம். விடியற்காலை பெரட்டுக்கு முன்பே ஆஸ்பத்திரியைத் திறக்க வேண்டும். காய்ச்சல் என்று வந்து நிற்கிறவனுக்கு உண்மையிலேயே காய்ச்சலா, பால்வெட்டப் போகப் பிடிக்கவில்லையா என்று அங்கேயே தீர்மானிக்க வேண்டும். சீட்டுக் கொடுத்தால் கிராணிக்குக் கோபம். கொடுக்காவிட்டால் தொழிலாளிக்குக் கோபம். சந்தேகம் வந்தால் காய்ச்சல் என்றே எழுதிவிடுவது நன்னாவின் வழக்கம். அதனால் நிர்வாகத்தில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி மறுபடி போட்ட காலம். மருந்துத் தண்ணீர் வாங்க நோயாளியே பாட்டில் கொண்டுவர வேண்டும். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகக் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்துப் பாட்டிலின் மேல் ஒட்டிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் கத்தரிப்பது எங்கள் பெரியம்மாக்களின் வேலை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பெண்பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து கத்தரிப்பார்களாம். பெரியம்மா இன்றைக்கும் பலகாரக் கடுதாசியைக் கத்தரித்தால் பல் ஒரே அளவாக இருக்கும்.

சுன்னத் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சபை எங்களை மன்னிக்காது. வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் நன்னாதான் சுன்னத் செய்தார். நம் பையன்கள், மலாய்க்காரப் பையன்கள் எல்லாம் ஒரே வரிசை. தலைவர் அவர்கள் எத்தனையாவது ஆளாக நின்றார்கள், முறை வந்ததும் எந்த வேலியைத் தாண்டி ஓடினார்கள் என்பதெல்லாம் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிற வரலாறு. அது நோட்டில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

இனி நோட்டு.

மொத்தம் இருபத்திரண்டு. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டுகள்தான். சிலவற்றுக்குக் காக்கித் துணியில் நன்னியே அட்டை தைத்திருக்கிறார். முன்பக்கத்திலிருந்து பிறப்புகள். தேதி, நேரம், எந்தத் தோட்டம், எந்த லயம், தாய் பெயர், தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, எத்தனை ராத்தல், யார் பிரசவம் பார்த்தது. பெரும்பாலும் மருத்துவச்சிதான் லயத்திலேயே பார்ப்பார். சிக்கலானால்தான் டிரஸரைக் கூப்பிடுவார்கள். ஆனால் யார் பார்த்தாலும் மறுநாள் அவரிடம் வந்து சொல்லிவிட வேண்டும் என்று மருத்துவச்சிகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'சூராட்'. சூராட் பெரானாக், அதாவது பிறப்புப் பத்திரம் எடுத்தாகிவிட்டது என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு விழும்.

அந்தக் கோடு விழவைக்கத்தான் பாடு. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள். அலுவலகம் போனால் ஒருநாள் சம்பளம் போகும். போலீஸ் நிலையமோ பதிவு அலுவலகமோ எதுவானாலும் உள்ளே போகவே பயம். பிள்ளை உயிரோடு இருக்கிறதே, காகிதம் எதற்கு என்பார்கள். நன்னா சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போகிற பாதையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நிற்பார். கோடு விழாத தகப்பன்மார்களின் பெயர் பட்டியல் சட்டைப் பையில் இருக்கும். "உள்ளே போவதற்கு முன்னால் இந்தப் பாரத்தில் ஒரு கைநாட்டு" என்று மறிப்பார். திட்டு வாங்கியிருக்கிறார். ஒருமுறை ஒருவன் சைக்கிளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டான். நன்னா சைக்கிளைக் கழுவிக்கொண்டு மறுமாதமும் அதே இடத்தில் நின்றார்.

இதன் அருமை அப்போது பலருக்குத் தெரியவில்லை. பின்னால் தெரிந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது லயங்கள் போயின, ஆஸ்பத்திரியும் மூடியது. ஆஸ்பத்திரியின் பெரிய ரிஜிஸ்டர்கள் என்ன ஆயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நன்னா அரசாங்க வேலைக்கு மாறிப் பட்டணத்துக்கு வந்தார். நோட்டுகளும் கூடவே வந்தன. அடுத்து 1969, 70ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தது. இங்கேயே பத்து, இருபது வருஷம் உழைத்தவர்கள் மூட்டை கட்டிக் கப்பல் ஏறினார்கள். இங்கேயே பிறந்தவர்கள்கூட, பிறந்ததைக் காட்டக் காகிதம் இல்லாமல் தடுமாறினார்கள். நம் வீட்டு வாசலில் வரிசை நின்றது அந்த வருஷங்களில்தான் என்று எங்கள் அம்மா சொல்வார். அவருக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக் கொடுத்துக் கை வலித்ததாம்.

சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் அடிக்கடி சொல்கிற தேதி அது. 1957 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும், தாய் தகப்பன் யாராக இருந்தாலும், பிரஜை. அக்டோபரிலிருந்து பிறந்தவர்களுக்கு அப்படியில்லை. தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வந்தது. ஒரே லயத்தில், ஒரே மருத்துவச்சி கையில், ஒரு மாத இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான வாழ்க்கை.

ஓர் அம்மா. பெயர் சொல்ல வேண்டாம், ஆனால் கதையைச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. ஆளைப் பார்த்து, உத்தேசமாக 1963 என்று போட்டுவிட்டார்கள். கிடைத்தது சிவப்பு ஐசி. கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் யாரோ சொல்லி நன்னாவைத் தேடி வந்தார். நன்னா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. தாயின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டார். ஒன்பதாவது நோட்டை எடுத்தார். 1962, செப்டம்பர் மாதம், இரவு, மழை, ஆறே கால் ராத்தல், பெண். கோடு விழவில்லை. தகப்பன் கையெழுத்துப் போடாமலே தோட்டம் மாறிப் போயிருக்கிறார்.

நோட்டைக் காட்டியதும் நீல ஐசி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட நோட்டு சட்டப் பத்திரமாகுமா? சத்தியப் பிரமாணம் எழுதி, தாயோடு லயத்தில் இருந்த கிழவியைத் தேடிப் பிடித்து, அவரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்கு நன்னா எத்தனையோ நடை நடந்தார். ஒரு வேலை தொடங்கினால் விடமாட்டார். பிறப்புப் பதிவு கிடைத்து, அதற்குப் பிறகு ஐசி மாறுவதற்குள் சில வருஷங்கள் ஓடிவிட்டன. நீல ஐசி கைக்கு வந்த அன்று அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நன்னா பழத்தை வாங்கி வைத்துவிட்டு ஒன்பதாவது நோட்டை எடுத்து, அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் கோடு போட்டார். எங்களில் மூத்த பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அந்தக் கோடு மட்டும் நீல மையில் இருக்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். "தாராளமாச் சொல்லுங்க தம்பி" என்றார்.

1961ல் எங்கள் அம்மா பிறந்தார். நன்னிக்கு அது நான்காவது பிரசவம். ரொம்பக் கஷ்டமான பிரசவம். ஊரெல்லாம் பிரசவம் என்றால் சைக்கிளில் ஓடுகிற மனிதர், தன் பிள்ளை என்றதும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். முந்திய மூன்று பிள்ளைகளுக்கும் அவர் வீட்டில் இல்லை. மூன்று முறையும் வேறு யாருடைய லயத்திலோ இருந்திருக்கிறார். இந்த முறை இல்லாவிட்டால் முகத்தில் விழிக்காதீர்கள் என்று நன்னி சொல்லியிருந்தாராம். ஆறு நாள். நான்காவது பெண், நாற்பது வெள்ளி கடன், நன்னிக்கு உயிர் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ஆறு நாளுக்கும் நோட்டில் வரி இல்லை. திரும்பிப் போனதும் விசாரித்து எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விசாரித்தார். ஆனால் ஒரு தோட்டத்து மருத்துவச்சி அந்த மாதமே மகள் வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. அவர் கையில் அந்த வாரம் பிறந்த ஆண்பிள்ளை நோட்டில் ஏறவில்லை. தாய் கொஞ்ச நாளில் இறந்துவிட்டார். 1970ல் தகப்பனுக்கு பெர்மிட் கிடைக்கவில்லை. பையனைச் சித்தியிடம் விட்டுவிட்டு நாட்டுக்குப் போனவர் போனவர்தான். சட்டப்படி பார்த்தால் அந்தப் பிள்ளை பிறந்த நிமிஷமே பிரஜை. ஆனால் எந்தத் தேதி, யார் கண்டது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. இன்றைக்கும் சிவப்பு ஐசி.

நன்னா அவருக்காகவும் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். "குழந்தையாக இருந்தபோதிலிருந்து எனக்குத் தெரியும்" என்றுதான் எழுத முடிந்தது. அவர் பிறந்ததை அறிவேன் என்று எழுதலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். ஒரு வரிதானே, நல்ல காரியத்துக்குத்தானே என்றார்கள். நன்னா மறுத்துவிட்டார். பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருதரம் எழுதினால், பார்த்து எழுதிய மற்ற வரிகளை யார் நம்புவார்கள் என்று கேட்டார். சரியா தவறா என்று நாங்கள் இன்னும் குடும்பத்தில் தர்க்கம் செய்கிறோம். வக்கீலாக இருக்கும் எங்கள் பெரியம்மா மகன் நன்னா செய்ததுதான் சரி என்கிறார். எங்கள் அம்மா எதுவும் சொல்வதில்லை. அந்த நோட்டை எடுத்தால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அந்த அண்ணன் நன்னாவைக் குறை சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. மாதம் ஒருமுறை கடைக்கு வந்து சீரகமும் தேத்தூளும் வாங்குவார். நன்னா உயிரோடு இருந்தவரைக்கும் அவரிடம் காசு வாங்க விடமாட்டார். அவரும் காசு கொடுக்காமல் போகமாட்டார். கல்லாவில் தினமும் சண்டை நடக்கிறமாதிரி இருக்கும். கடைசியில் பாதிக் காசு என்று முடிவானது. இப்போதும் அதே கணக்குதான்.

வீட்டில் அவர் எப்படி என்று கேட்பீர்கள். சம்பளக் கவரைப் பிரிக்காமல் நன்னி கையில் கொடுப்பார். ஐந்து பெண்களையும் ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தார். இரண்டாவது பெரியம்மா நர்ஸ் வேலைக்குப் போக ஆசைப்பட்டபோது உறவில் பெரிய எதிர்ப்பு. இரவு நேரத்தில் பெண்பிள்ளையை ஆஸ்பத்திரியில் விடுவதா என்றார்கள். நன்னா பதில் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பிரசவத்துக்குப் போய் ஜும்ஆ தவறியதற்காக அவர்மேல் குறை சொன்னவர்களுக்கும் அவர் பதில் சொன்னதில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார். அது நன்னிக்குப் பிடிக்காது. "வாயைத் திறந்து திட்டித் தொலைக்கக் கூடாதா" என்பார்.

நன்னியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1967 தொடக்கத்தில் பேராக் ஆறு பொங்கி வெள்ளம் வந்தபோது நன்னா ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நன்னி முதலில் பிள்ளைகளை ஏற்றினார், அடுத்து நோட்டுகளைத் தலையணை உறையில் கட்டிப் பரணில் போட்டார், மூன்றாவதாகத்தான் நகைப்பெட்டி. இந்த வரிசையைப் பிற்காலத்தில் சொல்லிக் காட்டாமல் அவர் ஒரு சண்டையையும் முடித்ததில்லை.

இப்போது கண்காட்சி விஷயம்.

நோட்டுகளைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் நோய்கள். யாருக்கு என்ன, என்ன மருந்து, எத்தனை நாள். காசநோய் என்றால் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கடையில் சாமான் வாங்கமாட்டார்கள் என்றிருந்த காலம். இந்த ஊரில் நல்ல நிலையில் இருந்த ஒருவர் வீட்டுக்கு நன்னா மாதக் கணக்கில் தினமும் இஷாவுக்குப் பிறகு போய்வந்தார். டிரஸர் பாய் சீட்டாடப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. நன்னி காதுக்கும் வந்தது. அழுது, சண்டை போட்டு, ஒரு வாரம் சமைக்காமல் இருந்தார். நன்னா எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. கடையில் ரொட்டி வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அவர் போனது ஸ்டிரெப்டோமைசின் ஊசி போடுவதற்கு. நன்னா வஃபாத்தான பிறகு, அந்தக் குடும்பத்துப் பிள்ளை எங்கள் கடைக்கே வந்து சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியும். நன்னி அதைக் கேட்டுவிட்டு, "நாற்பது வருஷம் என்னிடம் மறைத்திருக்கிறாரே" என்று மறுபடி ஒருமுறை கோபித்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி யாசீன் ஓதியபோது அழுதார்.

பிறப்புப் பக்கங்களிலும் அப்படித்தான். தகப்பன் பெயர்க் கட்டத்தில் சில இடங்களில் ஒன்றும் இல்லை. சில இடங்களில் இருப்பது, ஊர் அறிந்த பெயர் இல்லை. அதற்குமேல் சொல்லமாட்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் விரித்து வைத்தால் போதுமே என்றார்கள். எந்தப் பக்கத்தை விரிப்பது என்று நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம். இருபத்திரண்டு நோட்டிலும் யாருக்கும் வலிக்காத ஒரு முழுப் பக்கம் கிடைக்கவில்லை.

ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. எரித்துவிடலாம் என்று ஒரு சித்தி சொன்னார். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்த எங்களுக்கு எல்லாவற்றையும் படமெடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று ஆசை. நன்னா கடைசிக் காலத்தில் சொன்னது ஒன்றுதான்: கேட்டு வருகிறவனுக்கு அவன் வரியைக் காட்டு, பக்கத்து வரியைக் கையால் மூடிக்கொள். ஆகவே இப்படி முடிவு செய்தோம். பூச்சி அரிப்பதற்குள் படமெடுத்தாயிற்று. இணையத்தோடு தொடுப்பில்லாத ஒரு பழைய கணினியில் இருக்கிறது. அதுவும் நோட்டுகளும் வீட்டு அலமாரியில் பூட்டி இருக்கின்றன. சாவி எங்கள் பெரியம்மாவிடம். கண்காட்சிக்கு நன்னாவின் ஸ்டெதாஸ்கோப்பும், ஊசி கொதிக்க வைத்த பாத்திரமும், சைக்கிள் விளக்கும் கொடுத்திருக்கிறோம். வெளியே நுழைவாயில் பக்கம் இருக்கின்றன. பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். விளக்கை வேண்டாம், கண்ணாடி ஆடுகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் மாலையில் சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். பத்திரம் இல்லாதவர்களுக்கு மனு எழுத, அலுவலகத்துக்குக் கூடப் போக, படித்த பிள்ளைகள் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எந்த மதத்தவர் வந்தாலும் செய்வதாக இருந்தால் மட்டும் நாங்கள் வருகிறோம். நன்னா லயத்தில் ஆள் பார்த்து நின்றதில்லை. தலைவர் அவர்கள் தலையசைக்கிறார்கள். மலரில் இதை அச்சடித்துவிடுவார்கள் என்று நம்புகிறோம், பிறகு மாற முடியாது.

அதுவரைக்கும், அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மெர்டேக்காவுக்கு முன்னும் பின்னும் பிறந்து, பத்திரம் இல்லாதவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கடைத்தெருவில் எங்கள் கடைக்கு அனுப்புங்கள். சாய்ந்த கோபுரத்திலிருந்து நடந்து வந்துவிடலாம். டிரஸர் பாய் பேரன் கடை என்றால் காட்டுவார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வரச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை தவிர. தாயின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரிந்தால் போதும். முடிந்தால் ஐசியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேத்தண்ணீர் நாங்கள் தருகிறோம்.

வஸ்ஸலாம்.